குடுவையில் சாவது நோயல்ல

பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சேர்மம் ரத்தப் புற்றுநோய் செல்களைக் கொன்றுவிட்டது என்னும் செய்தியைத் தமிழ் நாளிதழ் வாசகர் எவரும் ஒரு முறையேனும் படித்திருப்பார். அச்செய்திக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. முதலில் ஒரு காடு, அல்லது கோயில் நந்தவனம். அங்கே ஒரு மூலிகை மரம். அதன் இலைக்குள் யாரும் அறியாமல் வாழ்ந்துவந்த ஒரு பூஞ்சை. அதன் சாறு பட்டதும் புற்றுநோய் செல்கள் ‘தற்கொலை’ செய்துகொள்கின்றன. இறுதி வாக்கியத்தின் வினைமுற்று தவறாமல் எதிர்காலத்தில் அமையும்: விரைவில் மருந்தாகும், ஏழைகள் பயன்பெறுவர். அந்த எதிர்காலம் இறந்தகாலமானதா என்று திரும்பிப் பார்த்து எழுதிய செய்தியை மட்டும் நாம் இதுவரை கண்டதில்லை.

இத்தகைய செய்திகள் பொய் என்று நாம் சொல்லவரவில்லை. பொய் என்றால் ஒரு வரி மறுப்போடு வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு சொல்லும் ஏறக்குறைய உண்மையாக இருந்தும் மொத்தத்தில் வாசகனை ஏமாற்றும் எழுத்து இது என்பதே நம் குற்றச்சாட்டு. அந்த ஏமாற்றில் இலக்கியம் படிக்கிற நமக்கும் பங்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

எடுத்துக்காட்டுக்காக வெளிநாடு போகவேண்டியதில்லை. தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடந்து கிண்டியில் இறங்கலாம். அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையம் இருக்கிறது. பூஞ்சையியலில் அதன் பெயர் சிறியதன்று. சி. வி. சுப்பிரமணியன் போன்ற ஓர் அறிஞர் இயக்குநராக இருந்த இடம் அது. இந்தியப் பூஞ்சைகளுக்கு முறையான வகைப்பாட்டு நூல் எழுதிய அவரைப் பற்றித் தமிழில் ஒழுங்கான நூல் எதுவும் நம் கண்ணில் பட்டதில்லை என்பது தனிக் கதை. அந்த மையத்தின் ஆய்வாளர்கள் இருவர் 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வில்வ இலைக்குள் வாழும் பார்ட்டாலீனியா ரோபில்லார்டாய்டிஸ் என்னும் பூஞ்சை, டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தைத் தானே உற்பத்தி செய்கிறது என்பது அதன் சாரம். ஒரு லிட்டர் வளர்ப்புக் கரைசலில் 187.6 மைக்ரோகிராம். அதைப் பலவகைப் புற்றுநோய் செல்களின்மீது செலுத்திப் பார்த்தார்கள். ரத்தப் புற்றுநோய் செல்லும் அவற்றுள் ஒன்று. அளவு கூடக்கூடச் சாவும் கூடியது.

வில்வம், சிவன், புற்றுநோய் என மூன்று சொற்களும் ஒரே செய்தியில் கிடைத்தால் நம் இதழாளர் எப்படி விடுவார்? ஆனால் எழுதுவதற்கு முன் எளிய பெருக்கல் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கலாம். டாக்சாலின் வழக்கமான ஒரு தவணை, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம். நடுத்தர உடல்வாகுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 280 மில்லிகிராம் வேண்டும். லிட்டருக்கு 187.6 மைக்ரோகிராம் என்றால், ஒரு துளியும் வீணாகாமல் பிரித்தெடுத்தாலும் ஒரு தவணைக்கு 1,500 லிட்டர் பூஞ்சைக் கரைசல் தேவை. ஆறு தவணைக்கு 9,000 லிட்டர். கோடையில் நம் புறநகர்த் தெருக்களுக்குள் திணறிக்கொண்டு நுழையும் தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவு. ஒரே ஒரு நோயாளிக்கு.

இன்னொன்று இதைவிட முக்கியம். டாக்சால் மார்பகம், சினைப்பை, நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்களுக்கான மருந்து. ரத்தப் புற்றுநோயின் வழக்கமான சிகிச்சையில் அதற்கு இடமில்லை. குடுவையில் ரத்தப் புற்றுநோய் செல் செத்தது உண்மை. ஆனால் மருத்துவமனையில் அந்த நோயாளிக்கு அந்த மருந்தை யாரும் ஏற்றுவதில்லை. குடுவை ‘ஆம்’ என்ற இடத்தில் கட்டில் ‘இல்லை’ என்றது. இந்த இடைவெளியைப் பற்றித்தான் செய்தி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கிண்டி ஆய்வாளர்களை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. ஊரே ஓடிய ஓட்டம் அது. 1993-ல் அமெரிக்காவின் மான்டானாவில், பசிபிக் யூ மரத்தின் பட்டைக்குள் வாழும் பூஞ்சையொன்று டாக்சாலை உண்டாக்குகிறது என்று ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. அதன் பிறகு உலகெங்கும் இலைகளைக் கிள்ளிப் பூஞ்சை வளர்க்காத தாவரவியல் துறை அரிது. இருபது ஆண்டுகள் கழித்து, 2013-ல், ஜெர்மானிய ஆய்வாளர்கள் அந்த முதல் பூஞ்சை உட்படப் பலவற்றை எடுத்து மீண்டும் துருவினார்கள். டாக்சாலைத் தன்னிச்சையாக உருவாக்குவதற்கான சான்றோ அதற்குரிய மரபணுக்களோ அவற்றில் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். இன்றும் கடையில் விற்கும் டாக்சால் பூஞ்சையிலிருந்து வருவதில்லை. யூ மரத்தின் செல் வளர்ப்பிலிருந்தும், இலைகளிலிருந்து எடுத்த மூலப்பொருளை வேதிமாற்றம் செய்தும் வருகிறது. 1993-ஐக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் 2013-ஐ வாசகனுக்குச் சொன்னார்கள்?

அகவாழ் பூஞ்சை ஆய்வே வீண் என்று யாரும் இதைத் திரித்துக்கொள்ள வேண்டாம். அதே கிண்டிப் பக்கம், ஐ.ஐ.டி.யில், 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் நோதாபொடைட்டிஸ் மரத்திலிருந்து எடுத்த ஒரு பூஞ்சை, காம்ப்டோதெசின் என்னும் சேர்மத்தை நூறு தலைமுறை மறுவளர்ப்புக்குப் பின்னும் குறையாமல் தருகிறது என்று காட்டினார்கள். மரத்தை விட்டுப் பிரித்தபின் நாலைந்து தலைமுறையில் வற்றிப்போவதுதான் இந்தப் பூஞ்சைகளின் பொதுக் குணம். அந்தப் பலவீனத்தை நேருக்கு நேர் எடுத்துச் சோதித்தார்கள் என்பதால் அது மதிக்கத்தக்க வேலை. நூறு தலைமுறை என்ற எண்ணில்தான் அந்த ஆய்வின் உயிர் இருக்கிறது. ‘புற்றுநோயைக் கொல்லும்’ என்ற தலைப்பில் இல்லை.

இனி, அந்தக் குடுவைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ‘ரத்தப் புற்றுநோய் செல்’ என்று எழுதும்போது அது ஏதோ பொதுப்பொருள் போல ஒலிக்கிறது. ஜுர்கட் என்ற பெயரில் உலகமெங்கும் வளர்க்கப்படும் செல்கள் 1970-களில் ஒரு பதினான்கு வயதுச் சிறுவனின் ரத்தத்திலிருந்து எடுத்தவை. எச்.எல்.60 என்பது முப்பத்தாறு வயதுப் பெண்ணுடையது. கே.562 ஐம்பத்துமூன்று வயதுப் பெண்ணுடையது. அவர்களின் நோய் மட்டும் அரை நூற்றாண்டாகப் பிளாஸ்டிக் தட்டுகளில் பெருகிக்கொண்டிருக்கிறது. அதன்மீது சாற்றை ஊற்றி, இரண்டொரு நாள் கழித்து எம்.டி.டி. என்னும் மஞ்சள் சாயத்தை விடுகிறார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். செத்த செல் ஆக்காது. ஊதா எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று கருவி சொல்லும். அவ்வளவுதான் சோதனை. சமையல் உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டாலும் ஊதா வெளுக்கும். கல்லீரல் இல்லாத, சிறுநீரகம் இல்லாத, தாயும் தகப்பனும் வாசலில் உட்கார்ந்திராத ஒரு தட்டில், கொல்வது கடினமான காரியமன்று. நோயைக் கொன்று ஆளை விட்டுவைப்பதுதான் கடினம்.

‘தற்கொலை’ என்ற சொல்லாட்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இலக்கிய வாசகர்களுக்கு இதில் அக்கறை இருக்கும் என நம்புகிறோம். 1972-ல் கெர், வில்லி, கர்ரி என்ற மூன்று நோய்க்குறியியலாளர்கள் இவ்வகைச் செல் மரணத்துக்குப் பெயர் தேடினார்கள். அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் ‘அப்போப்டோசிஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொடுத்தார். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் சொல். அறிவியலாளர் மொழியாசிரியரைத் தேடிப் போய்க் கேட்டார்கள் என்பதே நமக்குப் பொறாமை தரும் செய்தி. நம்மிடம் சொல் இல்லையா? அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களைப் பிரித்த மொழி இது. வீ என்றால் உதிரும் பூ. வீதல் என்றால் சாதல். அந்தக் கிரேக்கச் சொல் சொல்ல வந்ததை ஓரெழுத்தில் வைத்திருக்கிறோம். வைத்துக்கொண்டு, தினசரிக் குற்றச்செய்திப் பக்கத்திலிருந்து ‘தற்கொலை’யை இரவல் வாங்குகிறோம்.

சொல் பிழையானால் பொருளும் பிழையாகும். உதிர்வு, உடலில் எந்நேரமும் நடக்கும் ஒழுங்கான காரியம். செல்லின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி என்னும் புரதம் கசிகிறது. கேஸ்பேஸ் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. மரபணு இழை துண்டுதுண்டாக நறுக்கப்படுகிறது. செல் சுருங்கிச் சிறு பொட்டலங்களாகிறது. அண்டைச் செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. வீக்கமில்லை, சீழில்லை. இந்தக் கசிவைத் தடுக்கும் காவலர்களுள் ஒன்று பி.சி.எல்.2 என்ற புரதம். பல ரத்தப் புற்றுநோய்களில் இந்தக் காவல் அளவுக்கு மீறிக் கூடிவிடுகிறது. உதிரவேண்டிய செல் உதிர மறுக்கிறது. அந்தக் காவலைக் குறிவைத்து வடிவமைத்த வெனடோகிளாக்ஸ் 2016-ல் மருந்தாக ஒப்புதல் பெற்றது. அது எந்த நந்தவனத்து இலையிலிருந்தும் வரவில்லை.

சந்தையில் இதே ஏமாற்று வேறு உருவில் நடமாடுகிறது. கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சையின் தூளை மாத்திரையாக்கி விற்கிறார்கள். அதிலுள்ள கார்டிசெபின் என்ற பொருள் குடுவையில் ரத்தப் புற்றுநோய் செல்களை உதிரச் செய்வது உண்மையே. ஆனால் அது உடலுக்குள் போனதும் அடினோசின் டீஅமினேஸ் என்னும் நொதி அதை விரைவிலேயே செயலற்றதாக்கிவிடுகிறது. அந்த நொதியைத் தடுக்கும் இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று ஆய்வாளர்கள் முயன்றது அதனால்தான். மாத்திரை டப்பாவில் குடுவையின் கதை இருக்கிறது. நொதியின் கதை இல்லை.

இப்போது நம் பங்கு. தமிழனுக்கு ரத்தப் புற்றுநோய் என்ற சொல் எங்கிருந்து வந்தது? மருத்துவத்திலிருந்து அன்று, தொடர்கதையிலிருந்தும் திரையிலிருந்தும் வந்தது. 1982-ஆம் ஆண்டில் மட்டும் ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ என இரு பெருவெற்றிப் படங்களில் நாயகன் புற்றுநோயால் சாகிறான். காதலைத் தியாகம் செய்ய ஒரு காரணம் வேண்டும். நோய் அழகாகவும் இருக்கவேண்டும், சாவு உறுதியாகவும் இருக்கவேண்டும். புற்றுநோய் வாகாக அமைந்தது. இதை அடுத்த ஆண்டுகளில், அடையாறு புற்றுநோய் நிலையமும் மும்பை டாட்டா மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் சேர்ந்து எம்.சி.பி.841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைக் குழந்தைகளின் தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்கு நடைமுறைப்படுத்தத் தொடங்கின. அதற்கு முன் இந்தியாவில் நோய் திரும்பாமல் நான்காண்டைக் கடந்தவர்கள் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவு. அதன்பின் 45 முதல் 60 வரை. புதிதாகக் கண்டெடுத்த சேர்மம் எதுவும் அத்திட்டத்தில் இல்லை. ஏற்கெனவே இருந்த மருந்துகளைச் சரியான வரிசையில், சரியான அளவில், தொற்று வராமல் காத்து, விடாமல் கொடுத்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கி, வி. சாந்தா 2021-ல் மறையும்வரை வாழ்நாளை ஈந்த அந்த நிலையத்தில் பிள்ளைகள் பிழைத்து வளர்ந்துகொண்டிருந்தபோது, நம் கதைகளில் நாயகர்கள் கைக்குட்டையில் ரத்தம் துப்பிச் செத்துக்கொண்டிருந்தார்கள். சாவுக்கும் அற்புதத்துக்கும் நம் மொழியில் இடமுண்டு. இரண்டரை ஆண்டு விடாமல் நடக்கும் சிகிச்சைக்கு இடமில்லை. அந்த வெற்றிடத்தில்தான் வில்வப் பூஞ்சை வந்து உட்கார்கிறது.

தாம்பரத்துக்காரர்களுக்கு இது புதிய பாடமாக இருக்கக்கூடாது. சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயரே 1928-ல் டாக்டர் சௌரி முத்து நிறுவிய காசநோய் விடுதியால் வந்தது. காசநோயும் அக்காலத்தில் காவிய நோய்தான். கவிஞர்களுக்கு வரும் நோய், காதலிகள் மெலியும் நோய். மருந்துகள் வந்தபின் 1956-ல் சென்னையில் காசநோய் வேதிசிகிச்சை மையம் அமைந்தது. அதன் ஆய்வு 1959-ல் சொன்னது இது: சத்துணவும் ஓய்வும் காற்றோட்டமும் உள்ள விடுதியில் வைத்தாலும், நெரிசலான ஏழை வீட்டில் வைத்தாலும், மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால் விளைவில் பெரிய வேறுபாடு இல்லை. உலகமே காசநோயைக் கையாளும் முறையை மாற்றிய முடிவு. புதிய மூலக்கூற்றைப் பற்றிய ஆய்வல்ல அது. மருந்து போய்ச் சேர்வதைப் பற்றிய ஆய்வு. சென்னையின் பெருமை என்று பள்ளிப் புத்தகத்தில் வைக்க வேண்டியதை, சானடோரியத்தில் தினமும் இறங்கி ஏறுகிறவர்களே அறியமாட்டார்கள்.

ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் பூஞ்சைக்கு உண்மையான இடம் ஒன்று உண்டு. அதை எந்தத் தலைப்பும் சொல்வதில்லை. சிகிச்சையில் வெள்ளணுக்கள் வற்றியிருக்கும் நாட்களில் காற்றில் மிதக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் நுரையீரலில் இறங்கி ஆளைக் கொல்லும். நோயாளியைப் பொறுத்தவரை பூஞ்சை முதலில் எமன். அந்த எமனை விரட்டும் காஸ்போஃபஞ்சின், இன்னொரு பூஞ்சை தந்த பொருளிலிருந்து உருவானது. எலும்புமச்சை மாற்றியபின் புதிய அணுக்கள் உடலையே தாக்காமல் அடக்கும் சைக்ளோஸ்போரின், நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையின் கொடை. காய்ச்சல் கண்டவுடன் ஏற்றும் செஃபலோஸ்போரின் வகை மருந்துகளின் மூலமும் பூஞ்சையே. பூஞ்சை இந்த நோயாளிகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் புற்றுநோய் செல்லைக் கொன்று அல்ல.

கொல்கிற மருந்துக்கு வருவோம். எம்.சி.பி.841-இன் தூண்களுள் ஒன்று எல்-அஸ்பராஜினேஸ் என்னும் நொதி. 1953-ல் கினிப்பன்றியின் ரத்தநீர் எலியின் கட்டியைக் கரைப்பதைக் கிட் என்பவர் கண்டார். அதைச் செய்தது இந்த நொதி என்று 1961-ல் புரூம் காட்டினார். நம் செல்கள் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைத் தாமே செய்துகொள்ளும். லிம்ஃபோபிளாஸ்ட் புற்றணுக்களுக்கு அந்தத் திறன் குறைவு. ரத்தத்திலிருந்து வாங்கித்தான் பிழைக்கும். நொதி ரத்தத்திலுள்ள அஸ்பராஜினை அஸ்பார்ட்டிக் அமிலமாகவும் அம்மோனியாவாகவும் உடைத்துவிட்டால், புற்றணு புரதம் செய்ய வழியின்றிப் பட்டினி கிடந்து உதிர்கிறது. (அஸ்பராஜின் 1806-ல் முதலில் பிரிக்கப்பட்டது நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் இனத்தைச் சேர்ந்த செடியொன்றிலிருந்து. உடனே கிழங்கைத் தேடிக் கிளம்பிவிட வேண்டாம். நோய் கேட்பதே அந்த உணவைத்தான்.) மருந்தாக ஒப்புதல் பெற்ற அஸ்பராஜினேஸ்கள் பாக்டீரியாவின் நொதிகள். அவை ஒவ்வாமை தருவதால், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளில் மாற்று கிடைக்குமா என்று தேடுகிறார்கள். அந்தத் தேடல் நியாயமானது. பல்லாவரம் முதல் காட்டாங்கொளத்தூர் வரையுள்ள கல்லூரிகளின் நுண்ணுயிரியல் மாணவருக்குப் பழக்கமான செய்முறையும்கூட. ஃபீனால் ரெட் கலந்த தட்டில் பூஞ்சையைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம் தோன்றினால் நொதி இருக்கிறது; அம்மோனியாவை நெஸ்லர் கரைசலால் அளந்தால் எத்தனை அலகு என்று தெரியும்.

இதற்கிடையில், ஏற்கெனவே விற்பனையில் உள்ள அஸ்பராஜினேஸ் குப்பிகளில் பல, அறிவித்த வீரியத்துடன் இல்லை என்ற ஆய்வுகள் மும்பையிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தன. தரக்குறைவான அஸ்பராஜினேஸ் பல நாடுகளுக்கு ஏற்றுமதியானதைப் பற்றி 2023-ல் ஒரு பன்னாட்டுப் புலனாய்வு வெளியானது. அதில் இந்தியத் தயாரிப்புகளும் அடக்கம். குழந்தையின் ஒரு மில்லிலிட்டர் ரத்தநீரில் குறைந்தது 0.1 அலகு நொதி நின்றால்தான் புற்றணு பட்டினி கிடக்கும். குப்பியில் வீரியம் குறைந்தால் ஊசி ஏறும், ரசீது வரும், நோய் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். தகப்பன் நிலத்தை அடகு வைத்து வாங்கிய மருந்து அது.

புதிய அஸ்பராஜினேஸைத் தேடி வேப்பிலையையும் வில்வ இலையையும் நறுக்கும் அந்த ஆய்வுக்கூடங்களிலேயே, அதே நெஸ்லர் கரைசலால், தெருமுனை மருந்துக்கடையில் வாங்கிய குப்பியில் எத்தனை அலகு இருக்கிறது என்று ஒரு பிற்பகலில் முதற்கட்டமாக அளந்துவிடலாம். முதுகலை மாணவரின் ஆய்வேட்டுக்குத் தாராளமாகப் போதும். தலைப்புக் கவர்ச்சியாக இராது; வில்வம் இராது, சிவன் இரார். தாம்பரத்தைச் சுற்றியுள்ள துறைத்தலைவர்களில் ஒருவராவது அடுத்த பருவத்தில் அந்தத் தலைப்பை ஒரு மாணவருக்குக் கொடுக்கட்டும். முடிவு எதுவானாலும், எந்த நிறுவனத்தின் குப்பி, எந்தத் தொகுதி எண், எத்தனை அலகு என்ற மூன்று விவரங்களோடு தமிழில் வெளியிட இடம் தர நாம் இருக்கிறோம்.